தறிச்சத்தமும் எதிர்ச்சத்தமும்

இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் சுற்றியுள்ள சத்தத்தை அழித்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியே இருக்கும் எந்தச் சத்தத்தையும் அது தொடுவதில்லை. காதுக்கும் ஹெட்ஃபோனின் மெத்தைக்கும் நடுவில் அடைபட்ட சிறிதளவு காற்றில் இன்னொரு சத்தத்தை உண்டாக்கி, இரண்டும் சேரும் இடத்தில் அழுத்தத்தைச் சமன் செய்யப் பார்க்கிறது. இந்த வேலை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை விளம்பரத்தை வைத்தோ விமானப் பயணிகளின் பாராட்டை வைத்தோ முடிவு செய்ய இயலாது. பலவகைச் சத்தங்கள் நெருங்கிக் கலக்கும் ஓர் ஊரை வைத்துப் பார்ப்பதே சரி. காஞ்சிபுரம் அதற்குப் பொருத்தமான ஊர். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் குழித்தறிகள் வீட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. பட்டின் சந்தையில் கைத்தறியோடு மோதும் விசைத்தறி இன்னொரு தரத்துச் சத்தம். பெரிய காஞ்சிபுரத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் உற்சவ காலத்தில் நாகஸ்வரம், தவில், வேட்டு, ஜெனரேட்டர், கூம்பு ஒலிபெருக்கி எல்லாம் ஒரே வீதியில் சேர்கின்றன. இவற்றில் இந்தக் கருவி எதை எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. காதுக்குத் தொந்தரவாக இருக்கும் சத்தத்தைக் கருவி நன்றாகக் குறைக்கிறது. காதைக் கெடுக்கும் சத்தத்தில் பெரும்பகுதி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே தறி ஊர்களின் செவியைக் காக்கும் பொறுப்பைத் தனிமனிதர் தலையில் மாட்டும் கருவியிடம் விட முடியாது. சத்தம் பிறக்கும் இடத்தில்தான் அதைக் கையாள வேண்டும்.

காற்றில் ஒலி என்பது அழுத்தம் கூடுவதும் குறைவதும் மாறிமாறி நகர்ந்து செல்வது. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு அலைகள் வந்தால் அவை கூடிக்கொள்ளும். முகடும் முகடும் சேர்ந்தால் சத்தம் பெருகும். ஒன்றின் முகட்டில் மற்றதன் பள்ளம் பொருந்தினால் குறையும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கும் இந்தச் செய்தியைக் கருவியாக்கலாம் என்று ஜெர்மானியரான பால் லூயெக் 1933-இல் காப்புரிமை கேட்டார். 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர் வரைந்து காட்டியது ஒரு குழாய். குழாயின் ஒரு முனையிலிருந்து வரும் ஒலியை ஒரு மைக் முதலில் பிடிக்கும். ஒலி குழாய்க்குள் நகர்ந்து வருவதற்குள் மின்சைகை கம்பி வழியே முந்திச் சென்று, சற்றுத் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரில் தலைகீழான அலையை, அதாவது எதிரலையை, எழுப்பும். ஒலியைவிட மின்சாரம் வேகமாகப் போகிறது என்ற ஒன்றை நம்பியே முழு யோசனையும் நிற்கிறது. அன்றைய வெற்றிடக் குழல்களைக் கொண்டு அதைச் சரியாகச் செய்ய முடியவில்லை. 1950-களில் லாரன்ஸ் ஃபோகல் ஹெலிகாப்டர் ஓட்டுநர்களுக்காகக் காப்புரிமைகள் பெற்றார். அதே காலத்தில் ஹாரி ஓல்சனும் எவரெட் மேயும் மின்னணு ஒலி உறிஞ்சியை விவரித்தார்கள். இன்றைய ஹெட்ஃபோனில் இருப்பதும் இதே தத்துவம்தான். ஓட்டுக்கு வெளியே ஒரு மைக் வரப்போகும் சத்தத்தை முன்கூட்டியே பிடிக்கிறது. உள்ளே காதருகில் இன்னொரு மைக், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் திருத்துகிறது. நடுவில் ஒரு சிப் கணக்குப் போடுகிறது.

இந்தக் கணக்குக்குக் கிடைக்கும் நேரத்தைப் பார்த்தால் கருவியின் எல்லை எங்கே இருக்கிறது என்று புரியும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. வெளி மைக்குக்கும் காதுக்கால்வாயின் வாசலுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சத்தம் அதைக் கடக்க ஆகும் நேரம் சுமார் 70 மைக்ரோ வினாடி, அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் 70 பங்கு. அதற்குள் மைக் பிடித்து, எண்ணாக மாற்றி, கணக்கிட்டு, மீண்டும் மின்னலையாக்கி, ஸ்பீக்கரின் தகட்டை அசைத்துவிட வேண்டும். இதில் 42 மைக்ரோ வினாடி பிசகிவிட்டது என்று வைப்போம். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தில் ஒரு முழு அலைக்கு 10,000 மைக்ரோ வினாடி ஆகிறது. அதில் 42 என்பது கண்ணில் படாத பிசகு. எதிரலை அளவில் சரியாக இருந்தால் சத்தம் அப்போதும் 30 டெசிபல் குறையும், அதாவது ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 1,000 ஹெர்ட்ஸுக்கு வந்தால் அதே பிசகில் குறைவது 12 டெசிபல்தான். 4,000 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலையே 250 மைக்ரோ வினாடியில் முடிந்துவிடுகிறது. 42 என்பது அதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே எதிரலை போட்டும் போடாமலும் ஒன்றுதான். பிசகு இன்னும் கொஞ்சம் கூடினால் எதிரலையே சத்தத்தைக் கூட்டிவிடும். 42 மைக்ரோ வினாடி என்பது ஒலிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தூரம். மெத்தை லேசாக நகர்ந்தால், கண்ணாடிக் காம்பு இடையில் வந்தால், ஒருவரின் காதுமடல் மற்றவருடையதைவிடப் பெரிதாக இருந்தால் ஏற்படும் மாற்றமே அதற்கு நெருங்கிவரும். அதனால் இக்கருவிகளைச் செய்பவர்கள் எதிரலையைப் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நம்புகிறார்கள். அதற்கு மேலே இருப்பதை மெத்தையும் பிளாஸ்டிக் ஓடும் தடுக்கின்றன. வாங்குபவர் காதில் விழும் அமைதி இந்த இரண்டின் கூட்டு. அதில் எவ்வளவு மின்னணுவின் பங்கு, எவ்வளவு பஞ்சின் பங்கு என்று பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை.

நேரம் போதாத இடத்தில் கருவிக்குக் கைகொடுப்பது ஊகம். ஒரே மாதிரி திரும்பத்திரும்ப வரும் சத்தமாக இருந்தால், போன அலையைப் பார்த்து அடுத்த அலை எப்படி இருக்கும் என்று கணிக்கலாம். விமான எஞ்சினின் உறுமல், பேருந்தின் அதிர்வு, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் எல்லாம் இந்த வகை. கருவியின் வரலாறும் இதற்கேற்றபடிதான் நடந்திருக்கிறது. வங்காளத்திலிருந்து பிரிட்டிஷ் அடக்குமுறைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஒரு விடுதலைப் போராளியின் மகனான அமர் போஸ், 1978-இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் எஞ்சின் சத்தத்தை மீறி இசை கேட்க முடியாததால் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1986-இல் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தின் இரு ஓட்டுநர்களும் அவருடைய நிறுவனத்தின் சோதனைக் கருவியை அணிந்தார்கள். 1989-இல் விமானிகளுக்கும், 2000-இல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்திலிருந்தே அதன் இலக்கு, உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சுற்றி மணிக்கணக்கில் மாறாமல் உறுமும் தாழ்ந்த சத்தம். உற்சவ வீதியின் ஜெனரேட்டர் அந்த இலக்குக்குள் கச்சிதமாக விழுகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் வினாடிக்கு 50 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் எதிரலைக்கு எளிதான இரை. அதே வீதியில் தவிலின் அடியும் வேட்டின் வெடிப்பும் அப்படியல்ல.

விசைத்தறியின் சத்தம் எந்த வகை என்பதுதான் முக்கியமான கேள்வி. சாதாரண நாடா விசைத்தறியில், இரு முனையிலும் இரும்புக் குப்பி வைத்து ஊடை இழையைச் சுமக்கும் கட்டை நாடா, தறியின் ஓரத்திலுள்ள பெட்டியில் காத்திருக்கிறது. அடிக்கும் கை சுழன்று வந்து பிக்கரை மோத, பிக்கர் நாடாவை மோதுகிறது; நாடா வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாவு இழைகளின் இடைவெளிக்குள் பாய்கிறது. எதிர்ப்பக்கப் பெட்டிக்குள் போய் இடித்து அது நிற்க, அச்சுப் பலகை முன்னால் வந்து ஊடையைத் தட்டி இறுக்குகிறது. அதற்குள் மறுபக்கக் கை அடிக்கத் தயாராகிவிடும். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றைம்பது தடவை இது நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மரமும் இரும்பும் மோதும் அடிகள் பல. ஓர் அடியின் நீளம் மிகக் குறைவு என்பதால் அதன் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணில் தங்காமல், தாழ்ந்ததிலிருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சிதறுகிறது. தறிகள் ஒன்றோடொன்று இசைந்து ஓடுவதும் இல்லை. எட்டுத் தறி கொண்ட பட்டறையில் எட்டும் தத்தம் வேகத்தில் ஓடுவதால் அடிகளின் ஒழுங்கு கலைந்து, எப்போது எது விழும் என்று சொல்ல முடியாத மழையாகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் பகுதிகளில் தறிப்பட்டறைக்குள் இருவர் பேச வேண்டுமானால் காதோடு வாய் வைத்துக் கத்தவோ சைகை காட்டவோ வேண்டியிருப்பது இதனால்தான். எதிரலைக் கருவிக்கு இதைவிடக் கடினமான எதிரி அமைவது அரிது. ஊகிக்க ஒழுங்கு இல்லை, பிடிக்க நேரம் இல்லை. அடியின் உச்சத்துக்கு ஈடான அழுத்தத்தைச் சிறிய ஸ்பீக்கரால் எழுப்பவும் முடிவதில்லை.

இதைவிடக் கவலை தரும் பொருத்தமின்மை காதுக்குள் இருக்கிறது. வெளிக்காதின் கால்வாய் ஒரு பக்கம் அடைத்த குழாய். 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான சத்தத்தை அது தானாகவே பெருக்கிக் கொடுக்கிறது. காக்ளியா என்னும் நத்தைச்சுருளில் அடி விழுவது அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸைக் கேட்கும் இடத்தில். நீண்டகாலம் இரைச்சலில் வேலை செய்தவர்களின் கேட்புத்திறன் வரைபடத்தில் முதல் பள்ளம் அங்கேதான் தோன்றும். இதற்கு மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று நெசவாளர்களிடமிருந்தே கிடைத்தது. வங்கத்துச் சணலை இறக்குமதி செய்து நெய்த ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், சுமார் 100 டெசிபல் சத்தத்தில் பல பத்தாண்டுகள் தறி ஓட்டிய பெண்களைச் சோதித்து, டெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு அது. தலைமுறை தலைமுறையாக அதே ஆலைகளில் அதே வகைத் தறிகளில் வேலை செய்தவர்கள் என்பதால், எத்தனை ஆண்டுச் சத்தம் எவ்வளவு கேடு செய்தது என்று ஒப்பிட முடிந்தது. 4,000 ஹெர்ட்ஸில் இழப்பின் பெரும்பகுதி முதல் 10, 15 ஆண்டுகளுக்குள் நேர்ந்துவிடுகிறது. பேச்சுக்கு இன்றியமையாத 1,000, 2,000 ஹெர்ட்ஸ் பகுதிகள் பிற்பாடு தேய்கின்றன. முதல் இழப்பு பாதிக்கப்பட்டவருக்கே தெரிவதில்லை என்பதுதான் கொடுமை. உயிரெழுத்துகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் குரல் கேட்கும். ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் சொல் பிடிபடாது. பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கும்போது காக்ளியாவில் ஒலியை உணரும் மயிரணுக்களில் அழிந்தவை அழிந்தவைதாம். மனிதக் காதில் அவை மீண்டும் முளைப்பதில்லை. மேலே போட்ட கணக்கை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், எதிரலை கைவிடும் 4,000 ஹெர்ட்ஸும் செவி முதலில் பலியாகும் 4,000 ஹெர்ட்ஸும் ஒரே இடம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். எதிரலை கைவிட்டாலும் மெத்தை தடுக்கிறதே, மொத்தத்தில் காது பிழைக்கிறதல்லவா? பிழைக்கும். மெத்தை நன்றாகப் பொருந்தினால் உயர்ந்த அதிர்வெண்களை அது தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தருவது பஞ்சும் ஓடும் என்றால், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து சிப்பையும் பேட்டரியையும் வாங்க வேண்டிய காரணம் தறிக்காரருக்கு இல்லை. தொழிற்சாலைகளில் பயன்படும் சாதாரணக் காதுமூடி அதே வேலையை, எவ்வளவு டெசிபல் தடுக்கிறது என்று சோதித்து எழுதிய மதிப்போடு, மிகக் குறைந்த விலையில் செய்கிறது. இசை கேட்கச் செய்த ஹெட்ஃபோனுக்கு அப்படிப் பாதுகாப்புச் சான்று இருப்பது வழக்கமில்லை. இன்னொரு மறுப்பில் இதைவிட நியாயம் உண்டு. பேருந்திலும் தெருவிலும் பாட்டுக் கேட்பவர், வெளிச்சத்தத்தை மீறுவதற்காக ஒலியைக் கூட்டுகிறார். உறுமலை எதிரலை எடுத்துவிட்டால் குறைந்த ஒலியிலேயே கேட்க முடிகிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் கொண்டுவந்த பாதுகாப்பான கேட்டலுக்கான தரநிலை, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரத்தை எல்லையாக வைக்கிறது. சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே தினமும் போய்வரும் ஒருவர் இந்த எல்லைக்குள் நிற்க இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் உண்மையிலேயே உதவும். இதை மறுக்க வேண்டிய தேவை எனக்கில்லை. பயணியின் கருவி பயணிக்குப் பொருந்துகிறது. சத்தத்தில் எட்டு மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் நிற்பவருக்கும் அதுவே விடை என்று நீட்டும்போதுதான் பிழை தொடங்குகிறது. தறிக்கூடத்து வெக்கையில் வியர்வை ஊறிய மெத்தை காதில் ஒட்டி நிற்காது என்பதையும் மறக்கக் கூடாது. சிறு இடுக்கு விழுந்தாலே முதலில் போவது தாழ்ந்த ஒலிகளின் தடுப்பு.

சிப்புகள் வேகமாகிக்கொண்டே போகின்றனவே, நாளைக்கு இந்த எல்லையும் விலகாதா என்று கேட்கலாம். கணக்கிடும் வேகம் பெருமளவு கூடியிருக்கிறது என்பது உண்மை. சூழலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வடிகட்டியின் அடிப்படையை விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் கொடுத்தார்கள். இன்றைய ஹெட்ஃபோன்கள் அந்தப் பரம்பரையில் வந்தவை. ஆனால் எஞ்சியிருக்கும் தடைகள் சிப்பின் வேகத்தைச் சார்ந்தவை அல்ல. உள் மைக்கை நம்பித் திருத்தும் அமைப்பில், ஓர் அதிர்வெண் பகுதியில் சத்தத்தை அழுத்தினால் வேறொரு பகுதியில் அது கொஞ்சம் பிதுங்கும். இது கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் பொறியாளர் ஹென்ட்ரிக் போடே காலத்திலிருந்தே நிறுவப்பட்டது. மலிவான ஹெட்ஃபோன்களில் கேட்கும் மெல்லிய சீறலுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு தடை அலைநீளம். எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் சத்தத்தில் ஒரு மைக் இருக்கும் புள்ளியில் எதிரலையைச் சரியாகப் பொருத்தினாலும், நல்ல அமைதி நிலவும் வட்டம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம்தான். 100 ஹெர்ட்ஸுக்கு அது 35 சென்டிமீட்டர், ஒரு தலை அடங்கும் இடம். 1,000 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை சென்டிமீட்டர், ஒரு காது அடங்கும். 4,000 ஹெர்ட்ஸுக்கு ஒன்பது மில்லிமீட்டர்கூட இல்லை. மைக்குக்கும் செவிப்பறைக்கும் இடையிலுள்ள தூரமே அதைவிட அதிகம்.

இதே கணக்குதான் எதிரலையை வீட்டுக்கோ வீதிக்கோ பொருத்த முடியாமல் செய்வதும். ஜன்னலில் ஒரு கருவியை வைத்தால் கோயில் வீதியின் சத்தம் அறைக்குள் அடங்கிவிடும் என்ற ஆசை அவ்வப்போது செய்தியாக வருகிறது. அறையின் ஒரு மூலையில் குறையும் சத்தம் இன்னொரு மூலையில் கூடும். கேட்பவர் தலையைத் திருப்பினாலே அமைதி நகர்ந்துவிடும். லூயெக் குழாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குழாயில் ஒலிக்கு ஒரே வழி. வீதியில் ஆயிரம் வழி. வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை நாளன்று வீதிக்கு வரும் கூட்டத்தின் ஆரவாரத்தையும், 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் ஊர் கண்ட ஒலிபெருக்கி அறிவிப்புகளையும் எந்த மின்னணுவும் சமன் செய்துவிடப் போவதில்லை. பொதுவெளியின் சத்தத்துக்குப் பொதுவான விதிதான் வேண்டும், அந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுத்தன. மத, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பக்தியை டெசிபலால் அளப்பதா என்று சிலர் வருந்துவார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். தவிலும் நாகஸ்வரமும் இல்லாத காஞ்சிபுரத்தை யாரும் விரும்பப் போவதில்லை. ஆனால் இவை நூற்றாண்டுகளாக ஒலிபெருக்கி இல்லாமலே வீதியை நிறைத்தவை. வழிபாட்டுக்கு ஒலிபெருக்கி தேவையா என்ற கேள்வி சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்து ஒரு தேவாலயத்தை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மற்றவர்களின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்றது. எல்லா மதத்துக்கும் பொருந்துகிற தீர்ப்பு அது.

கைத்தறியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சத்தத்தின் பொருளே வேறு. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. கரை ஊடையை உடல் ஊடையோடு கோத்து வாங்க நெசவாளருக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்திருப்பார். நெசவாளர் குழிக்குள் மிதியை மாற்றுகிறார், ஜக்கார்டின் அட்டை ஒன்று தள்ளி விழுகிறது, நாடாக்கள் கடக்கின்றன, அச்சுப் பலகை வந்து ஊடையைத் தட்டுகிறது. இந்த வரிசையில் எல்லாமே கண்ணால் பார்த்து நடப்பவை அல்ல. அட்டை சரியாக விழுந்ததா, தட்டு இறுக்கமாக விழுந்ததா, இழை எங்காவது தளர்ந்து உரசுகிறதா என்பதை ஓட்டத்தின் ஒலி சொல்லிவிடுகிறது. துணையாளுக்கும் நெசவாளருக்கும் இடையே தாளம் அதுவே. ஓசை மாறினால் கை நின்றுவிடும். இந்த வேலையில் இருப்பவரின் காதை மூடிவிட்டு அவருக்கு அமைதி தந்ததாகச் சொல்வது, அவருடைய ஒரு கருவியைப் பிடுங்கிக்கொள்வதாகும். வெளிச்சத்தத்தை வடிகட்டி உள்ளே விடும் வசதி இப்போது பல ஹெட்ஃபோன்களில் இருக்கிறதே என்பார்கள். அந்த வடிகட்டி மனிதப் பேச்சைத் தேடிப் பிடிக்கப் பழக்கப்பட்டது. மரமும் பட்டும் உரசும் ஓசையை அது இரைச்சல் கணக்கில் சேர்க்காது என்று நம்ப இடமில்லை. எது செய்தி, எது இரைச்சல் என்பதை வேலை செய்பவர்தான் தீர்மானிக்க முடியும். கையால் இழுத்துத் தட்டும் தறியில் அடியின் வலு மனித உடலின் வலுவுக்குள் நிற்பதால், அதன் சத்தம் தாங்கக்கூடிய அளவிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது, தெருவில் பேச்சு நடக்கிறது.

அந்த நிலையைக் காத்துவரும் சட்டம் ஒன்று உண்டு. அதைச் சத்தம் பற்றிய சட்டமாக யாரும் எண்ணுவதில்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என ஒதுக்கியது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிழைப்பைக் காக்க வந்த சட்டம் அது. ஆனால் காஞ்சிபுரத்தைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலேயே தறி வைத்திருக்கும் ஊரில், விசைத்தறி வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் தெருவின் செவியையும் காக்கிறது. 100 டெசிபல் எழுப்பும் இயந்திரத்துக்கும் 55 டெசிபல் எல்லை கொண்ட குடியிருப்புக்கும் நடுவே 45 டெசிபல் இடைவெளி. ஆற்றலில் அது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். ஓட்டு வீட்டின் சுவரும் ஜன்னலும் அதைத் தாங்காது. காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விசைத்தறிச் சேலை விற்கப்படுவதை எதிர்த்து நெசவாளர்கள் எழுப்பும் குரலில் புவிசார் குறியீட்டின் பெருமையும் கூலியும் பேசப்படுகின்றன. இந்தக் காரணத்தையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

விசைத்தறியை ஒழிக்கச் சொல்லவில்லை. பல லட்சம் பேரின் சோறு அதில் இருக்கிறது. அவர்கள் காதும் அதே அளவு மதிப்புள்ளது. இங்கே சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் எட்டு மணி நேரம், 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் என்று எல்லை வைக்கின்றன. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். ஆனால் மின்விசையோடு 10 பேர் வேலை செய்த இடத்தைத்தான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலை என்றது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கிவிட்டது. வீட்டோடு சேர்ந்த நான்கு தறி, எட்டுத் தறிப் பட்டறைகள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. சிறு முதலாளியிடம் செலவு செய்யப் பணம் எங்கே என்ற கேள்வி நேர்மையானது. அதற்கான வழி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2023-இல் தமிழக அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்று உயர்த்தியது. ஒவ்வொரு பட்டறையின் இணைப்பு எண்ணும் அதனால் அரசின் கையில் இருக்கிறது. அதே பட்டியலைக் கொண்டு தறிக்கடியில் அதிர்வைத் தாங்கும் பட்டைகள், தேய்ந்த பிக்கரை உரிய காலத்தில் மாற்றுவது, மேற்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள், தரச்சான்று பெற்ற காதுமூடிகள் ஆகியவற்றுக்கு மானியம் தரலாம். நாடாவின் மோதலே இல்லாத தறிகளுக்கு மாற விரும்புவோருக்குக் கடன் தரும்போது, துணியின் தரத்தோடு சத்தத்தின் அளவையும் நிபந்தனையில் எழுதலாம். காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதன் கேட்புத்திறன் சோதனை முகாம்களைப் பள்ளிபாளையத்திலும் சோமனூரிலும் தறிப்பட்டறை வாசலுக்கே கொண்டுவந்து, வேலைக்குச் சேர்ந்து ஐந்தாண்டு ஆன ஒவ்வொருவரின் 4,000 ஹெர்ட்ஸ் அளவையும் எழுதி வைக்கலாம். பேச்சு பிடிபடாமல் போவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த எண் இறங்கத் தொடங்கியிருக்கும்; அப்போது வேலையிடத்தை மாற்றவும் நேரம் இருக்கும்.